வலது பக்கத்துச் சட்டைப்பை

1. நான் முதலில் சொன்ன பதில்

"ஏம்மா, போட்டோ பொய் சொல்லுமா?"

ஒரு வியாழக்கிழமை காலை. கடையைத் திறந்து ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்த பெண் கேட்ட முதல் கேள்வி இது. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் செல்போன். பெயர் தனலட்சுமி.

"பொய் சொல்லாதும்மா. எது இருக்கோ அதைத்தான் காட்டும்" என்றேன்.

எட்டு வருட வேலையில் நான் சொன்ன பதில்களில் அதிகம் திரும்ப நினைத்துப் பார்த்தது இதைத்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஸ்கேனிங் பற்றிக் குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் முதலாளி முரளி சார் கேட்டபோது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். கடைசியில் இந்தப் பதிலிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை என்று பட்டது.

எங்கள் கடை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு டிராயிங் பிரிண்ட் போடுகிறோம். பழைய வரைபடங்களையும் படங்களையும் ஸ்கேன் செய்து தருகிறோம். மொத்தம் மூன்று பேர். முரளி சார், பெரிய பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் பர்வீன், ஸ்கேனரில் நான். நான் பொன்னேரியில் ரயில் ஏறுவேன். பர்வீன் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து அதே ரயிலைப் பிடிப்பாள்.

தனலட்சுமி தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எங்கள் கடையில் போட்ட ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் பிரிண்டை யாரோ மேசை மீது விரித்து எடுத்த படம் அதில் இருந்தது.

"இத்த நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களாமே?"

"ஆமா. பதினஞ்சு நாள் ஆச்சு."

"பாரு. கெணறு கீது. அதுக்கு வலப்பக்கம் வாய்க்கா கீது. எங்க வாய்க்கா இடப்பக்கம்மா! நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அதுல கால நனைச்சிக்கினுதான் கழனிக்குப் போயிருக்கேன்."

அவர் கோபமும் அவசரமுமாகச் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு வார்ப்புத் தொழிற்சாலை. அதன் பின்பக்கம் தனலட்சுமியின் ஊர். ஏரியிலிருந்து பிரிந்து வரும் சின்ன வாய்க்கால் ஒன்று தொழிற்சாலை வாங்கிப் போட்டிருந்த காலி மனை வழியாக அந்த ஊர்க் கடைசிக் கழனிகளுக்குப் போனது. இரண்டு வருடம் முன்பு மனையில் மண் கொட்டிச் சமன் செய்தார்கள். வாய்க்கால் மூடிக்கொண்டது. இப்போது அங்கே சுற்றுச்சுவர் வரப்போகிறது. பட்டா நிலத்தில் போன கிளை வாய்க்கால் என்பதால் எந்த வரைபடத்திலும் அது இல்லை. செல்போன் மேப்பில் மேலிருந்து பார்த்தால் முள்காடுதான் தெரியும்.

அப்போதுதான் தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. தொழிற்சாலை கட்டுவதற்கு முன், இடத்தை அளந்த நாளில் எடுத்த பெரிய நெகட்டிவ்கள். ஒன்றில் கிணறும் வாய்க்காலும் தெளிவாகத் தெரிந்தன. "போட்டோவில் வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அங்கே சுவரில் தண்ணீருக்கு வழி விடுகிறோம்" என்று தொழிற்சாலை சொன்னது. ஊரும் ஒத்துக்கொண்டது. நெகட்டிவ்கள் எங்களிடம் வந்தன. பிரிண்ட் போனது. பிரிண்டில் வாய்க்கால் கிணற்றுக்கு வலப்பக்கம் இருந்தது. அங்கே பல வருடமாகத் தொழிற்சாலையின் பழைய ஷெட் நிற்கிறது. அப்படியானால் வாய்க்கால் எப்போதோ ஷெட்டுக்கு அடியில் போய்விட்டது. இடப்பக்கத்து மனையில் எதுவும் இல்லை. வழி விடவும் அவசியமில்லை. கணக்கு முடிந்தது.

"எங்க ஊட்டுக்காரரே இன்னா சொல்றாரு தெரியுமா? 'போட்டோல கீதே, நமக்குத்தான் மறந்துபூட்ச்சோ'ங்கறாரு. வருசா வருசம் பாய்ச்சின தண்ணி மறந்துபூடுமா? போர் தண்ணி துருவா வருது, நாத்து பிடிக்க மாட்டேங்குது. நாளைக்குப் பதினோரு மணிக்கு எல்லாரையும் கையெழுத்து போடச் சொல்லிக்கீறாங்க. திங்கக்கெழம காங்கிரீட்டு. அப்பால இன்னா பண்றது?"

"நெகட்டிவ்ல இருந்ததைத்தாம்மா நான் ஸ்கேன் பண்ணினேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிம்மா. படிச்ச பொண்ணு, நீ சொல்ற" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

2. அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்த நாள்

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமராவில் போடும் சின்ன பிலிம் சுருளை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த நெகட்டிவ் புதிதாக இருக்கும். எட்டங்குல அகலம், பத்தங்குல நீளம். பள்ளிக்கூட நோட்டைவிடப் பெரிய ஒரே ஒரு பிலிம் தாள். ஒரு தாளில் ஒரு படம். எதிரில் இருந்த புல்லைக்கூட எண்ணலாம், அத்தனை விவரம் இருக்கும்.

அதற்கு ஒரு பளபளப்பான பக்கம் உண்டு, ஒரு மங்கலான பக்கம் உண்டு. மங்கலான பக்கத்தில்தான் படம் பதியும் மருந்து பூசியிருக்கும். பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடது இடதாகவும் வலது வலதாகவும் தெரியும். மருந்துப் பக்கம் நம்மைப் பார்த்தால் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல எல்லாம் மாறித் தெரியும்.

ஆகவே பளபளப்பான பக்கத்தைக் கீழே வைத்து ஸ்கேன் செய்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பளபளப்பு கண்ணாடியோடு ஒட்டினால் இடையில் எண்ணெய் படர்ந்த தண்ணீர் மாதிரி வளைய வளையமாகக் கோடு விழும். நியூட்டன் வளையம் என்பார்கள். ஸ்கேனில் ஏறிவிட்டால் போக்குவது பெரும் பேஜாரு. அதனால் நான் மருந்துப் பக்கத்தைக் கீழே வைப்பேன். படம் திரும்பி விழும். அதைச் சரிசெய்ய ஸ்கேனர் மென்பொருளில் 'மிரர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் நேராகிவிடும்; ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அந்த டிக் தானாக அழிந்துவிடும், மறுபடி போட வேண்டும்.

பெட்டியில் பதினோரு நெகட்டிவ்கள். கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, ஊதுபந்தால் தூசி ஊதி, ஒவ்வொன்றாக வைத்தேன். ஸ்கேனர் மேலே ஒரு செக்லிஸ்ட் ஒட்டியிருந்தேன். கண்ணாடி துடைத்தாயா, தூசி ஊதினாயா, மேல்மூடி விளக்கு எரிகிறதா என்று ஒன்பது வரிகள். எனக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு அடங்கும். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கல்லூரியில் பரீட்சைத் தாளில் சரியாக எழுதிய விடையை அடித்துத் தப்பாக எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறேன். 'மிரர்' டிக்கை மட்டும் செக்லிஸ்டில் எழுதவில்லை. அது எப்படி மறக்கும் என்ற நினைப்புதான்.

பத்து படங்கள் ஒழுங்காக முடிந்தன. அவற்றில் பெயர்ப்பலகை, லாரி நம்பர் என்று ஏதாவது எழுத்து இருந்தது. திரும்பி விழுந்தால் உடனே தெரியும். பதினோராவது படத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் வெட்டவெளி, கிணறு, வாய்க்கால், தூரத்தில் சில ஆட்கள்.

அதை ஸ்கேனரில் வைத்து ஓடவிட்டபோது வீட்டிலிருந்து அத்தையின் போன். என் கணவரின் அம்மா. குழந்தைக்கு அப்போது ஒரு வயது ஆகி இரண்டு மாதம்.

"பாப்பாக்கு உடம்பு அனலா கொதிக்குதும்மா. மருந்து எத்தினி மில்லி?"

வாசலுக்குப் போய் அளவு சொன்னேன். பத்து நிமிடம் கழித்து நானே மறுபடியும் கூப்பிட்டு, சொன்ன அளவு சரிதானா என்று மருந்துச் சீட்டின் போட்டோவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். திரும்பி வந்தபோது ஸ்கேன் முடிந்து படம் திரையில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி மனதில் முளைத்தது: மிரர் டிக் போட்டேனா?

படத்தைப் பார்த்தேன். எழுத்து இல்லை. எது இடது, எது வலது என்று சொல்ல வழியில்லை. நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போக வந்த தொழிற்சாலை டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நெகட்டிவை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து, டிக் போட்டிருக்க மாட்டேன் என்று முடிவு செய்து, படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். ஓரங்களை வெட்டினேன். அதே பெயரில் சேமித்தேன். அனுப்பினேன்.

டிக் போட்டிருந்திருக்கிறேன். நேராக இருந்ததை நானே இடம் வலமாக்கி அனுப்பியிருக்கிறேன். குழந்தையின் காய்ச்சல் மேல் இதைப் போட எனக்கு மனமில்லை. காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. என் சந்தேகம்தான் இறங்கவில்லை; அதற்குக் கை கொடுத்தது நான்தான்.

ஆனால் இதெல்லாம் அந்த வியாழக்கிழமை காலையில் எனக்குத் தெரியாது. தனலட்சுமி போன பிறகு படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

3. முரளி சாரின் சட்டை

"இன்னாடி, நாஷ்டா கூட துன்னாம அத்தயே மொறைச்சிக்கினு கீற?" என்று பர்வீன் வந்தாள்.

"இதுல இடதா வலதான்னு கண்டுபிடிக்க ஏதாவது இருக்கா பாரேன்."

"இது இன்னா கேள்வி? இடது இடதுதான், வலது வலதுதான்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். கிணற்றுக்கு அப்பால் மூன்று ஆட்கள். ஒருவர் குடை பிடித்திருந்தார். ஒருவர் அளவுக்கோலைப் பிடித்து நின்றார். மூன்றாமவர் கேமராவைப் பார்த்து விறைப்பாக நின்றார். அரைக்கைச் சட்டை. மார்பில் பை. பையில் பேனா. பேனாவின் கிளிப் மின்னியது.

"அந்தப் பை எந்தப் பக்கம் கீது?" என்றாள் பர்வீன்.

இருவரும் எங்கள் தோள்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். எதிரில் நிற்பவரின் இடது எது வலது எது என்று எனக்கு அந்த நிமிடம் ஒன்றுமே விளங்கவில்லை.

"சார், கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க" என்று பர்வீன் கூப்பிட்டாள்.

முரளி சார் வந்து நின்றார். நாங்கள் அவர் மார்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இன்னா, சட்டையில சாம்பார் கீதா?"

"இல்ல சார். உங்க பை இடது பக்கம். இவருக்கு வலது பக்கம்."

நடந்ததைச் சொன்னேன். டிரைவர், போன், திருப்பியது, அதே பெயரில் சேமித்தது, எல்லாம். முரளி சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"எவனாவது தையல்காரன் தப்பா தெச்சிருப்பான்."

"இருக்கலாம் சார்."

"அம்மா தாயே, நீ ஏற்கெனவே சந்தேகம் புடிச்சவ. இத்தயும் சந்தேகம்னு வுட்டுற கூடாதா?"

"நாளைக்குக் கையெழுத்து சார். திங்கட்கிழமை கான்கிரீட்."

சற்று யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணு. திருப்பிப் போட்டு மெயில்ல அனுப்பிடு. 'திருத்திய பிரதி'ன்னு ஒரு வரி. அவ்ளதான். ஏன் எதுக்குன்னு அவங்க கேட்டா பாத்துக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். முரளி சாரை எதிர்த்து நான் அதுவரை பேசியதில்லை. அன்று பேசினேன்.

"இல்ல சார். சந்தேகத்துல ஒரு தடவ திருப்பினதாலதான் இது. இன்னொரு தடவ சந்தேகத்துல திருப்ப மாட்டேன். நெகட்டிவைக் கையில வாங்கிப் பாக்கணும்."

"குடுக்கலன்னா?"

"குடுக்கற வரைக்கும் கேட்ல உக்கார்றேன்."

பர்வீன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சார், இவ உக்காருவா சார். பூட்ட நாலு தடவ இழுத்துப் பாக்கறவ, உங்கள வுட்ருவாளா?"

முரளி சார் எழுந்தார். "ஹெல்மெட்ட எடு" என்றார்.

4. ஜன்னல் வெளிச்சம்

தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி பாஸ்கரன். நிதானமான ஆள். நாங்கள் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் நிதானம் குறைந்தது. ஆனாலும் இரும்பு அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

கையுறை மாட்டி, நெகட்டிவை எடுத்து, ஜன்னல் பக்கம் போனேன். பளபளப்பான பக்கம் என்னைப் பார்க்கும்படி பிடித்தேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். வெயிலில் மின்னிய தண்ணீர் கறுத்த கோடாகத் தெரிந்தது. கிணற்றுக்கு இடப்பக்கம்.

மூலையைப் பார்த்தேன். இந்த மாதிரி பிலிம் தாளின் ஓரத்தில், மூலையை ஒட்டிச் சின்ன வெட்டுகள் இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே எது மருந்துப் பக்கம் என்று கண்டுகொள்வதற்கான அடையாளம். வெட்டு இருக்கும் ஓரத்தை மேலே பிடித்து, அது வலக்கோடியில் இருந்தால் மருந்துப் பக்கம் நம்மைப் பார்க்கிறது. இடக்கோடியில் இருந்தால் பளபளப்புப் பக்கம். இடக்கோடியில் இருந்தது. நான் ஸ்கேனில் ஓரங்களை வெட்டியபோது இந்த அடையாளத்தையும் சேர்த்து வெட்டி எறிந்திருந்தேன்.

"சார், நான் அனுப்பினது தப்பு. வாய்க்கால் இடப்பக்கம்தான்."

நெகட்டிவை உறையின் மேல் பாஸ்கரன் முன் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப பதினஞ்சு நாளா நாங்க உக்காந்து பேசினது?"

"என் தப்பை வெச்சுப் பேசியிருக்கீங்க சார்."

"ஏம்மா, ஊர்க்காரங்க யாராவது உங்க கடைக்கு வந்தாங்களா?"

முரளி சார் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் கால் என் நாற்காலிக் காலை இலேசாக இடித்தது. இல்லை என்று சொல்லலாம் என்று அர்த்தம்.

"வந்தாங்க சார். இன்னைக்குக் காலைல. தனலட்சுமின்னு ஒருத்தங்க."

"சரி. காலைல அவங்க வராங்க. மத்தியானம் நீங்க வந்து போட்டோ தப்புங்கறீங்க. எங்க மேல இருக்கறவங்க என்ன கேப்பாங்க? பளபளப்பு, மங்கல், வெட்டுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு இது ஒரு பிலிம். இப்படியும் புடிக்கலாம், அப்படியும் புடிக்கலாம்." நெகட்டிவைக் காட்டிக் கையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "நான் எதை நம்பறது?"

அவர் கேட்டது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நாளைக்கு வந்து எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லுங்க" என்றார். "அவங்களும் கேக்கட்டும்."

பைக்கில் திரும்பிக் கடை வாசலில் இறங்கியதும் முரளி சார், "பொய்யே வராதா உனக்கு?" என்றார்.

"பயமா இருக்கு சார். அதான்."

"பயந்தவதான் பொய் சொல்வா. நீ இன்னா தலைகீழா கீற?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மாலை ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கவரைப்பேட்டை தாண்டும்போது வயல்வெளியில் ஒரு பம்புசெட் கொட்டகை போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. போட்டோவை வைத்துப் போட்டோவை நிரூபிக்க முடியாது. படத்தில் இருப்பதில் எது இன்னும் நிலத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்கவே இல்லை.

5. படிக்கட்டு

வெள்ளிக்கிழமை காலை குழந்தை என் துப்பட்டாவை விடவில்லை. அத்தை பிரித்து எடுத்தார். பர்வீனும் கூட வருகிறேன் என்று வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேருமே போனோம்.

கூட்ட அறையில் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர். தனலட்சுமியும் அவர் கணவரும் கடைசி வரிசையில். மேசை நடுவில் என் பிரிண்ட் விரித்துக் கிடந்தது, நான்கு மூலையிலும் தண்ணீர் பாட்டிலை வைத்து. என் தப்பை அவ்வளவு பெரிய அளவில் நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுந்து நின்று சொன்னேன். இந்தப் படத்தை ஸ்கேன் செய்தது நான். தவறுதலாக இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். வாய்க்கால் இடப்பக்கம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நேத்து ஒரு போட்டோ, இன்னிக்கு ஒரு போட்டோ. நாளைக்கு இன்னாம்மா எடுத்துக்கினு வருவ?" என்றார் ஒரு பெரியவர்.

"எங்களுக்குச் சாதகமாத்தானே சொல்லுது, வுடு நைனா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இன்னிக்குச் சாதகமா சொல்லும். மதராஸ்லேர்ந்து இவங்க பெரிய ஆபீஸரு வந்து கேட்டா, அப்பவும் சொல்லுமா?" என்றார் பெரியவர்.

பாஸ்கரன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் கேட்டேன்.

"இந்தப் படத்துல இருக்கறதுல எது இன்னும் அங்க அப்படியே இருக்கு?"

பின்வரிசையிலிருந்து தனலட்சுமி எழுந்தார்.

"கெணறு கீது."

"கெணறா? அது முள்ளுக்குள்ள பூட்ச்சே" என்றார் அவர் கணவர்.

"முள்ளுக்குள்ள போனா கெணறு நடந்தா பூடும்? படிக்கட்டு எந்தப் பக்கம் கீதுன்னு போய் பாத்தா ஆச்சு."

மேசையில் இருந்த பிரிண்டை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படத்தில் கிணற்றின் ஒரு பக்கத்தில் கல் படிக்கட்டு இறங்கியது. பிரிண்டின்படி இடப்பக்கம். பதினைந்து நாளாக எல்லோரும் இந்தத் தாளைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். கிணறு அங்கிருந்து முந்நூறு அடிகூட இல்லை.

நெகட்டிவை உறையில் வைத்து நான் எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையின் தென்பக்கச் சாலை வழியாக நடந்தோம். படம் எடுத்தவர் நின்றது அந்தச் சாலையில்தான் என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை; சாலையின் ஓர மதகுக் கல் படத்தின் அடியில் நடுவாக இருந்தது. வேலிக்குள் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. இரண்டு செக்யூரிட்டி ஆட்கள் கத்தி கொண்டுவந்து வெட்டினார்கள். ஒருவர் கையில் முள் குத்திக்கொண்டு, "யாருப்பா இங்க கெணறு வெட்டினது" என்று திட்டினார்.

முதலில் கிணற்றின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஒரு பக்கத்து மண்ணைக் காலால் தள்ளியபோது கல் தெரிந்தது. ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. சாலையில் மதகுக் கல்லின் மேல் நின்று பார்த்தால், படிக்கட்டு வலப்பக்கம்.

நான் உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து, பளபளப்பான பக்கம் எங்களைப் பார்க்கும்படி வானத்துக்கு நேரே பிடித்தேன். எதிரில் கிணறு, கையில் அதே கிணறு. படிக்கட்டு வலப்பக்கம். வாய்க்கால் இடப்பக்கம், இப்போது மண் கொட்டிச் சமன் செய்த மனையின் நடுவில். ஒவ்வொருவராக என் பின்னால் வந்து, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கை வலித்தது. இறக்கவில்லை.

கடைசியாகப் பாஸ்கரன் வந்தார். நெடுநேரம் பார்த்தார். தள்ளிப் போய்ப் போன் பேசினார். காற்றில் எங்களுக்குக் கேட்டது.

"அந்த மேற்கு லைன் கான்கிரீட்டை நிறுத்துங்க. திங்கட்கிழமை வேண்டாம். தண்ணிக்கு ஒரு பாதை விட்டு டிராயிங் மாத்தணும். ஆமா, நான்தான் சொல்றேன்."

தனலட்சுமியின் கணவர் மனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மறக்கல, பாத்தியா" என்றார்.

"நீதான் மறந்துட்டேன்ன. எனக்கு மறக்கல" என்றார் தனலட்சுமி.

கையை இறக்கக்கூடத் தோன்றாமல் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்வது என்று நடந்து வரும்போதே மனதில் நான்கு விதமாக அமைத்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"மொதல்லயே ஒயுங்கா போட்டிருந்தா இத்தினி பேஜாரு உண்டா? பதினஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல. எங்க ஊட்டுக்காரர் எனக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு பூசாரிகிட்ட கூட்டிக்கினு போறேன்னாரு!"

"என் தப்புதாம்மா."

"தப்புதான். பின்ன?" என்றார். பிறகு, "கை வலிக்கலயா உனக்கு? அப்பலேர்ந்து தூக்கிப் புடிச்சிக்கினு கீற" என்று என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

தொழிற்சாலை எங்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்குமா என்று முரளி சார் இரண்டு மாதம் கவலைப்பட்டார். கொடுத்தார்கள். ஆனால் அதன் பிறகு எந்தப் படத்தை அனுப்பினாலும் பாஸ்கரன் போன் செய்து, "பளபளப்புப் பக்கம் பாத்தாச்சா?" என்று கேட்கிறார். கேட்கட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு.

மழைக்கு முன்பே சுவர் வந்தது. அடியில் கான்கிரீட் குழாய் பதித்து வழி விட்டிருக்கிறார்கள். இந்த வருடம் தண்ணீர் போனதா என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். போனது. மறுநாளும் போய்ப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

இப்போது நான் எந்த நெகட்டிவை ஸ்கேன் செய்தாலும் ஓரத்தோடு, மூலை வெட்டு தெரியும்படி முழுதாக எடுக்கிறேன். அந்த முதல் பிரதியை யாரும் தொடக் கூடாது. திருத்துவது, வெட்டுவது எல்லாம் வேறு பெயரில் வேறு பிரதியில்தான். 'மிரர்' செக்லிஸ்டில் பத்தாவது வரியாகச் சேர்ந்தது. இவற்றை நீங்கள் இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள்.

பழகக் கஷ்டமானது வேறு. சந்தேகப்படுகிறவளாக இருப்பது இந்த வேலைக்குக் கெடுதல் என்று முதலில் நினைத்தேன். சந்தேகம் என்னைக் கெடுக்கவில்லை. அது வந்த நேரத்தில் நெகட்டிவைப் பார்க்காமல் மவுஸைத் தொட்டதுதான் கெடுத்தது. சந்தேகம் வந்தால் எதையும் மாற்றாதீர்கள். முதலில் எழுந்து போய் அசலைப் பாருங்கள். வாசலில் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். அசல் போய்விட்டால் அதன் பின்னாலேயே போங்கள். போக முடியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து அந்த வரியால் யாருடைய வாய்க்காலும் மூடவில்லை.

அந்தத் தப்பான படத்தைச் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு ஸ்கேனருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். முரளி சாருக்கு அது பிடிக்கவில்லை. "வர்றவன் போறவனுக்கெல்லாம் நம்ம தப்பக் காட்டணுமா?" என்று இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தார். பர்வீன் விடவில்லை.

புதிதாகச் சேர்கிற பிள்ளையை முதல் நாள் அதன் முன்னால் நிறுத்துவேன். "இதுல என்ன தப்புன்னு சொல்லு" என்பேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். சிலர் வெளிச்சம் என்பார்கள், சிலர் தூசி என்பார்கள். அவர்கள் அதே படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பிறகு தங்கள் மார்பைத் தொட்டு, பிறகு முரளி சாரின் சட்டையைத் திரும்பிப் பார்க்கும் வரை ஒரு நெகட்டிவையும் தொட விடுவதில்லை.